ஊடகப் பக்கச்சார்பும் நம்மேல் விழும் முத்திரையும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாக வாசித்தால் நல்லது.

பக்கச்சார்பு எண்டா பொய்ச் செய்திதானே சேர்?

இல்லை. பொய்ச் செய்தியில் நடக்காதது நடந்ததாக வரும். பக்கச்சார்பான செய்தியில் ஒவ்வொரு வசனமும் சரியாகவே இருக்கலாம். யாரிடம் கேட்டார்கள், யாரை விட்டார்கள், எதை முதல் வரியில் வைத்தார்கள், எதைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்கள், எந்தப் படத்தைப் போட்டார்கள் என்பதில்தான் சாய்வு இருக்கிறது.

கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டும் முயற்சிக்கு எதிராக 2019 ஜூலையில் அங்கே போராட்டம் நடந்தது. தொல்பொருள் திணைக்கள அதிகாரியும் பிக்குவும் மட்டும் பேசும் செய்தியில் அது தொல்பொருள் இடத்தில் நடந்த குழப்பம். கோயில் தரப்பும் போராட வந்தவர்களும் மட்டும் பேசும் செய்தியில் அது ஆக்கிரமிப்பு. இரண்டிலும் ஒரு வசனம்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் வாசித்தவருக்குப் பாதி ஊர்தான் தெரியும்.

அப்ப எந்தப் பேப்பர் நடுநிலை? அதை மட்டும் வாசிச்சாப் போதுமே.

அப்படி ஒன்றைக் காட்ட எனக்குத் தெரியாது. முதலில் யாருடைய பத்திரிகை என்று பாருங்கள். தினகரன், தினமின, டெய்லி நியூஸ் மூன்றும் லேக் ஹவுஸ் பத்திரிகைகள். 1973-ல் சட்டம் கொண்டுவந்து அந்த நிறுவனத்தை அரசு தன் கைக்குள் எடுத்தது. அதற்குப் பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் மேலிடத்தில் ஆளும் மாறுவார், முதற்பக்கமும் மாறும்.

தனியார் பத்திரிகையில் வேறொரு கூத்து. லங்காதீப, டெய்லி மிரர், தமிழ் மிரர் எல்லாம் ஒரே நிறுவனத்தின் வெளியீடுகள். ஆனால் வாசிப்பவர் வேறு, ஆசிரியபீடம் வேறு. அதனால் முதலாளி ஒருவர்தான் என்றாலும் மூன்று மொழியிலும் ஒரே செய்தி வரும் என்று எண்ண வேண்டாம். உரிமையாளரின் விருப்பம் ஒரு பக்கம் இழுக்கும், வாசகர் கேட்க விரும்புவது இன்னொரு பக்கம் இழுக்கும். இரண்டாவது இழுவைதான் பலமானது என்பது என் எண்ணம். காசு கொடுத்துப் பேப்பர் வாங்குபவருக்குப் பிடிக்காததை எழுத எந்தப் பத்திரிகைக்கும் தயக்கம்.

சிங்களப் பேப்பர் பொய், தமிழ்ப் பேப்பர் உண்மை. இதில என்ன ஆராய்ச்சி?

இதைச் சொல்பவர்களில் பலர் சிங்களப் பத்திரிகை வாசிப்பதில்லை. யாரோ மொழிபெயர்த்துப் பேஸ்புக்கில் போட்டதைத்தான் பார்த்திருப்பார்கள், அதுவும் கோபம் வரும் வரியாகப் பொறுக்கிப் போட்டதை. அங்கே நமக்காகப் பேனா பிடித்தவர்களும் உண்டு.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்றும் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் தெற்கில் பெரும்பாலான ஊடகங்கள் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையை அப்படியே செய்தியாகப் போட்டன. அதன் பாதிப்பு நம் தலையில் விழுந்தது. நம் பக்கத்திலோ புலிகள் இயக்கம் செய்ததை எழுதப் பயம், அல்லது மனமில்லை.

2006-ஐ நினைத்துப் பாருங்கள். சம்பூர்த் தமிழ்ச் சனம் அந்த ஆண்டு இடம்பெயர்ந்தது, 2015-க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் புலிகள் மூதூர் நகருக்குள் வந்து சண்டை தொடங்கியபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூரும் மூதூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சம்பூர்க் கதை தெரியும், முஸ்லிம் பிள்ளைகளுக்கு மூதூர்க் கதை தெரியும். இரண்டும் தெரிந்த பிள்ளை அபூர்வம். இது பிள்ளைகளின் குற்றமில்லை. வீட்டுக்கு வந்த பேப்பர் அப்படி.

இனத்தைச் சொல்லாமத்தானே எழுதுறாங்க? பிறகெப்படி பக்கச்சார்பு வரும்?

நம் மாவட்டத்தில் இனத்தை எழுதவே தேவையில்லை, ஊர்ப் பெயர் போதும். “ஹெரோயினுடன் கிண்ணியா இளைஞர் கைது” என்று தலைப்புப் போட்டால் முஸ்லிம் என்று வாசகர் தானாகவே நிரப்பிக்கொள்வார். கோமரங்கடவல என்றால் சிங்களவர் என்ற நினைப்பு, சம்பூர் என்றால் தமிழர் என்ற நினைப்பு. அந்த இளைஞரைப் பிடித்தது உப்புவெளியில் என்றால் “உப்புவெளியில் இளைஞர் கைது” என்றும் போட்டிருக்கலாம். இரண்டில் எது தலைப்புக்கு வருகிறது என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளை பிடிபட்டால் பிடிபட்ட இடம், மற்றவர் பிடிபட்டால் சொந்த ஊர் என்ற பழக்கம் கண்ணில் படும்.

இன்னும் சில ஒட்டுக்கள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒருவர் இறக்கிறார், “முன்னாள் போராளி விபத்தில் பலி” என்று வருகிறது. போர் முடிந்தது 2009-ல். அவர் அதற்குப் பிறகு கடை வைத்து, பிள்ளை பெற்று, கடன் கட்டி வாழ்ந்தது ஒன்றும் அந்தத் தலைப்பில் இல்லை. ஒரு பெண் இறந்தால் “இரண்டு பிள்ளைகளின் தாய்”. கணவன் கொன்றிருந்தாலும் அவளுடைய நடத்தையைப் பற்றிய கிசுகிசு இரண்டாம் பந்தியில் நுழைந்துவிடும். இதில் மூன்று மொழிப் பத்திரிகைகளும் ஒற்றுமையாக இருக்கின்றன.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இதுதான்: அந்த ஒட்டை எடுத்துவிட்டு வாசியுங்கள். செய்தியில் ஒன்றும் குறையவில்லை என்றால் அது வேறு வேலைக்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஆள் தேர்தலில் நிற்கிறார் என்றால் முன்னாள் போராளி என்பது செய்திக்குத் தேவைதான்.

சரி, இதால உண்மையா யாருக்கு என்ன நடந்தது? சும்மா மனசு நோகிறதுதானே?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி கிடந்தது. மலட்டு மருந்து என்று கதை பரவியது, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதமே கண்டி மாவட்டத்தில் திகன பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் பற்றி எரிந்தது. அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் பல நாள் தடுத்து வைத்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020-ல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

அந்த மலட்டு மருந்துக் கதை ஓயவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு ஒரு மாதம் கழித்து, 2019 மே 23 அன்று, சிங்கள நாளிதழான திவயின ஒரு மருத்துவர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாரைச் சத்திரசிகிச்சையின்போது மலடாக்கியதாக முதற்பக்கத்தில் போட்டது. குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் உடனே கைதானார். அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. ஆண்டுகள் கழிந்து நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு. அவர் அந்தப் பணத்தை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். முதற்பக்கத்தை வாசித்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கடைசித் துண்டை வாசித்திருப்பார்கள்?

பயத்தில எழுதாம விடுறதும் பக்கச்சார்பா?

விளைவு ஒன்றுதான். ஆனால் எழுதாமல் விட்டவரைத் திட்டுவதற்கு முன் நம் ஊரில் எழுதியவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இப்போது வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2006 ஜனவரி 2 மாலை கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பதே படைத்தரப்பின் முதல் விளக்கம். சுடர் ஒளிப் பத்திரிகையின் திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் பத்திரிகையில் வந்தன, கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24-ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரும் 2019 ஜூலையில் சாட்சியம் போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள்.

அவர் பெரிய கட்டுரை ஒன்றும் எழுதவில்லை. காயத்தைக் காயமாகத் தெரியும்படி படம் எடுத்தார். பக்கச்சார்பு பற்றிப் பாடப்புத்தகத்தில் இருப்பதையெல்லாம் விட நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது இதைத்தான். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அப்படி ஓர் ஊரில் இன்றைக்கும் ஒரு நிருபர் “இனந்தெரியாதோர்” என்று எழுதினால், அவருக்கு ஆளைத் தெரியாது என்று அர்த்தம் எடுக்க வேண்டாம்.

எங்கட ஊர் கொழும்புப் பேப்பரில வந்தா ஏன் எப்பவும் சண்டை, இல்லாட்டி பீச்?

நிருபருக்குச் சம்பளம் கொடுக்கும் முறை ஒரு காரணம். பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணீர் வராததை விசாரித்து எழுத இரண்டு நாள் வேண்டும், அது வெளிவருமா என்பதும் நிச்சயமில்லை. பொலிஸ் கொடுக்கும் கைதுச் செய்தியை போனிலேயே எழுதி அனுப்பலாம், கட்டாயம் வரும். அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொரு காரணம், திருகோணமலை என்றால் துறைமுகம், கோணேஸ்வரம், நிலாவெளி, இனப்பிரச்சினை என்று கொழும்பில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அடங்காத செய்தி மேசையிலேயே கிடக்கும். சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுங்கள். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. நாட்டை விற்கிறார்கள் என்று ஒரு பக்கம், இந்தியாவின் வெற்றி என்று இன்னொரு பக்கம் எழுதினார்கள். சீனக்குடாவில் குடியிருப்பவருக்கு அதில் வேலை கிடைக்குமா என்று கேட்ட செய்தி என் கண்ணில் படவில்லை.

தமிழ்நாட்டு டிவி எங்களுக்காகப் பேசுதே. அதுவும் பிழையா?

பேசுகிறார்கள், கொழும்பு மறைத்ததைச் சொல்லியும் இருக்கிறார்கள். அதே டிவியில் மீனவர் செய்தியை ஒருமுறை கவனியுங்கள். “தமிழக மீனவர்கள் கைது” என்று வரும். அவர்கள் பிடிபட்டது இழுவைமடிப் படகில் என்பதோ, இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017-ல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்பதோ, வலை அறுந்து நிற்பது வடக்கின் தமிழ் மீனவர் என்பதோ பெரும்பாலும் வராது. ராமேஸ்வரத்துக் கூலி மீனவரின் கஷ்டமும் உண்மைதான், அவரும் முதலாளியின் படகில்தான் போகிறார். ஆனால் நம்மைப் பற்றி உருகுபவர்கள் நம் மீனவரிடம் மைக்கை நீட்டாமல் இருப்பது கொஞ்சம் வேடிக்கையாக இல்லையா?

வாட்ஸ்அப்பில வாறதை என்ன செய்யிறது?

அனுப்பியவரிடம் “இது எங்கே வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். “ஃபார்வேர்ட் வந்தது” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். படம் சந்தேகமாக இருந்தால் கூகுளில் படத்தை வைத்துத் தேடலாம். ஃபாக்ட் கிரெசெண்டோ இலங்கைப் பதிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் சரிபார்த்து வெளியிடுகிறது. மாமா, பெரியப்பா அனுப்பினால் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கலியாண வீடுவரை இழுபடும்.

மகள் கொழும்பில வேலை. ‘திருகோணமலையா?’ எண்டு கேட்டுட்டு ஒரு மாதிரிப் பாக்கினமாம். அவ என்ன சொல்றது?

ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லும் பொறுப்பை அவர் தலையில் போட வேண்டாம், அம்மா. கேட்பவர் அறியாமையில் கேட்கிறாரா, சீண்டுகிறாரா என்று அவருக்கே தெரியும். அறியாமல் கேட்பவரிடம் சாதாரணமாகப் பேசினால் போதும். புலி என்று பகிடி பண்ணுபவரிடம் சிரித்துச் சமாளிக்கத் தேவையில்லை. “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று அமைதியாகத் திருப்பிக் கேட்டால், விளக்கம் சொல்லும் வேலை அவருக்குப் போய்விடும். பகிடியை விளக்கச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். மேலதிகாரியே தொடர்ந்து செய்தால் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள், பிறகு உதவும்.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. முத்திரைக்குப் பயந்து, “நான் அந்த மாதிரித் தமிழ் இல்லை” என்று காட்டப் போய், வன்னியிலிருந்து வந்த தோழியைத் தள்ளி வைப்பார்கள் சிலர். முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஈஸ்டருக்குப் பிறகு இதே நெருக்கடி வந்தது.

முஸ்லிம் ஆக்கள் இப்படி, சிங்கள ஆக்கள் அப்படி எண்டு நாங்க சொல்றது அனுபவத்தில வாறதுதானே? அது முத்திரையா?

அனுபவம் ஒரு ஆளோடு, ஒரு கடையோடு, ஒரு சோதனைச் சாவடியோடு வருகிறது. அதை முழுச் சமூகத்துக்கும் நீட்டும்போது முத்திரை. காசு ஏமாற்றிய தமிழ்க் கடைக்காரரைப் பற்றிச் சொல்லும்போது “அந்த ஆள் கள்ளன்” என்கிறோம். முஸ்லிம் கடைக்காரர் என்றால் “அவங்க அப்படித்தான்” என்கிறோம். நம்மவர் செய்தால் தனியாள், மற்றவர் செய்தால் கூட்டம்.

கந்தளாயில் மூன்றாம் தலைமுறையாக வயல் செய்யும் சிங்களக் குடும்பத்தை இன்றும் குடியேற்றக்காரர் என்கிறோம். அரசு நிலக் குடியேற்றத்தால் மாவட்டத்தின் இனவிகிதத்தை மாற்றியது வரலாறு, அதைப் பேசத்தான் வேண்டும். 2020-ல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் செயலணியை அமைத்தபோது ஒரு தமிழரையோ முஸ்லிமையோ அதில் சேர்க்கவில்லை என்பதையும் பேச வேண்டும். அந்தக் கணக்கை அரசோடு தீர்ப்பது ஒன்று. அங்கே பிறந்த பிள்ளையிடம் தீர்ப்பது வேறு. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர் சமூகத்தைப் பற்றி மற்ற மூன்று சமூகங்களும் பேசும் பேச்சை எழுதப் போனால் இந்தப் பக்கம் போதாது.

அபாயாப் பிரச்சினையில எந்தப் பக்கம் சரி?

2018-ல் நகரின் ஒரு பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது சர்ச்சையானது, 2022-லும் மறுபடி வெடித்தது. உடை அவரவர் உரிமை என்பது என் கருத்து. இதில் கோபிக்கும் பெற்றோர் உண்டு, அவர்களோடும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பக்கத்துக்குரிய விஷயம் வேறு: ஒரு பக்கம் பாடசாலையின் பாரம்பரியம் என்றே எழுதியது, மற்றப் பக்கம் மத உரிமை என்றே எழுதியது. அந்த வகுப்பறைகளில் இருந்த மாணவிகளிடம் யாராவது கேட்டார்களா என்று தேடினேன், மிக அரிது.

ரெண்டு பக்கமும் கேட்டு எழுதினா நடுநிலைதானே சேர்?

நல்ல கேள்வி, கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் கேட்பார்கள். கருத்து வேறுபாடு என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். உண்மை எது என்று பார்க்கக்கூடிய விஷயத்தில் அது சோம்பல். மேலே சொன்ன ஐந்து மாணவர் விஷயத்தில் “கைக்குண்டு என்கிறது ஒரு தரப்பு, சூடு என்கிறது மறுதரப்பு” என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பார்க்க நடுநிலை மாதிரியே இருக்கும். சவச்சாலைக்குப் போய்ப் பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் நிற்கும். குருநாகல் மருத்துவர் விஷயமும் அப்படித்தான்: மலடாக்கினாரா இல்லையா என்பதை விவாத மேடையில் வைத்துப் பேச இடமே இல்லை, மருத்துவப் பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

எங்களைப் பற்றிப் பிழையா எழுதினா எங்க முறைப்பாடு செய்யலாம்?

முதலில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கே எழுதுங்கள்: திகதி, பக்கம், பிழையான வசனம், சரியான விவரம், ஆதாரம். கோபத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள், நீளமாக இருந்தால் வாசிக்க மாட்டார்கள். திருத்தம் போடாவிட்டால் 2003-ல் தொடங்கிய இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. அவர்களால் அபராதம் விதிக்க முடியாது, ஆனால் திருத்தமும் பதில் சொல்லும் உரிமையும் வாங்கித் தர முயல்வார்கள்.

காணி, திணைக்கள முடிவு போன்ற விஷயம் என்றால் 2016-ன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பிரதேச செயலகத்திலோ சம்பந்தப்பட்ட திணைக்களத்திலோ தகவல் அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையில் கடிதம் இருந்தால் நிருபரும் துணிந்து எழுதுவார்.

இதெல்லாம் சோதனைக்கு வருமா சேர்?

ஊடக ஒழுக்கநெறி வரும் இடத்தில் உதாரணம் எழுத உதவும். லேக் ஹவுஸ் 1973, திவயின 2019, இரண்டையும் ஆண்டு மாறாமல் எழுதுங்கள். அபாயாக் கேள்விக்கு நான் சொன்ன கருத்தை எழுதிவிட்டுப் புள்ளி குறைந்தால் என்னிடம் வரக்கூடாது.